அலுமாரியும் தராசும்

நமது நாட்டுப் பாடசாலைகளிலே விஞ்ஞான ஆய்வுகூடம் என்று பெயர்பெற்ற அறைகளுட் பலவற்றில் ஓர் அலுமாரி உண்டு. அதற்கொரு பூட்டும் உண்டு. பூட்டின் திறப்பு அதிபரின் மேசை இலாச்சியில் இருக்கும். அல்லது மாற்றலாகிச் சென்றுவிட்ட ஓர் ஆசிரியரின் ஞாபகத்தில் மாத்திரம் இருக்கும். ஒரு காலத்தில் அந்த அலுமாரியினுள்ளே தூசு படிந்த வில்லைகளும், முள் அசையாத அம்பியர்மானிகளும் இருந்தன. இன்று அவற்றின் அருகே புதிய பெட்டிகள் சில வந்து சேர்ந்துள்ளன. நுண்கட்டுப்படுத்திப் பலகை, வெப்ப உணரி, ஒலி உணரி, சிறு மோட்டார், வர்ண வர்ணமான கம்பிகள் என்று அவற்றினுள் எல்லாம் உண்டு. பெட்டியின் மூடியிலே அதனை வழங்கியவரின் பெயர் பெரிய எழுத்தில் மின்னுகின்றது. உள்ளேயுள்ள பொலித்தீன் உறைகளோ இன்னும் பிரிக்கப்படவில்லை.

இந்தப் பெட்டிகளுக்கு உரிய துறையையே மெக்கட்ரோனிக்ஸ் என்கிறார்கள். இயந்திர இலத்திரனியல் என்று நாம் அதனைத் தமிழிற் சொல்லலாம். 1969இல் யப்பானிலே, யஸ்காவா மின்பொறி நிறுவனத்தின் பொறியியலாளரான தெட்சுரோ மோரி என்பவர் ஆக்கிய சொல் அது. சில காலம் அந்த நிறுவனத்தின் வணிகக் குறியாக இருந்து, 1982இல் அந்த உரிமை கைவிடப்பட்டபின் உலகின் பொதுச்சொல்லாயிற்று. சூழலை அறியும் உணரி, அறிந்ததைக் கணக்கிட்டு முடிவெடுக்கும் நுண்கட்டுப்படுத்தி, முடிவைச் செயலாக்கும் மோட்டார் ஆகிய மூன்றையும் ஓர் உடலாக இணைப்பதே இத்துறையின் சாரம். விஞ்ஞான ஆசிரியர்களுக்கான செயலமர்வுகளிலே சில ஆண்டுகள் பயிற்றுநராகப் பணியாற்றியவன் என்ற முறையில், இந்த மூன்றையும் நமது வகுப்பறைக்குக் கொண்டுவருவது பற்றிச் சில சொல்ல விழைகின்றேன். பெட்டிகளைப் பற்றியல்ல, அவற்றைத் திறக்கவேண்டிய கைகளைப் பற்றியே என் கவலை.

இது நகரத்து வசதிபடைத்தோர் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் நம்மிடையே உளர். அவர்கள் ஒருமுறை தேயிலைத் தொழிற்சாலைக்குள் நுழைந்து பார்க்கட்டும். தேயிலைத் தூளினின்று காம்பைப் பிரிக்கும் வேலையை முன்னர் பெண்கள் வரிசையாகக் குந்தியிருந்து கையாற் செய்தனர். இன்று பல தொழிற்சாலைகளிலே நிறம்பிரிக்கும் பொறி அதனைச் செய்கின்றது. விழுகின்ற துகள் ஒவ்வொன்றின் நிறத்தையும் அதன் கண் பார்க்கின்றது. வேண்டாத துகளைக் கணப்பொழுதில் ஒரு காற்றுத் தாரை ஊதித் தள்ளுகின்றது. நெல் ஆலைகளிலும் இதே பொறி உண்டு. ஆடைத் தொழிற்சாலைத் தையல் இயந்திரமும் இன்று நூலைத் தானே அறுக்கின்றது. அதாவது, இயந்திர இலத்திரனியல் நம் உழைக்கும் மக்களின் வாழ்வினுள் ஏற்கெனவே நுழைந்துவிட்டது. சிலருக்கு வேலையாகவும் சிலருக்கு வேலையிழப்பாகவும் அது வந்தது. அறிவாக மாத்திரம் அது இன்னும் அவர்களிடம் வரவில்லை. பொறியின் முன்னே பொத்தானை அழுத்துபவளாக நிற்கப்போகும் மாணவிக்கு அதன் உள்ளே நடப்பது யாதென அறியும் உரிமை இல்லையா?

2013இல் உயர்தரத்திலே தொழில்நுட்பப் பிரிவு ஆரம்பிக்கப்பட்டபோது இக்கேள்விக்கு ஓரளவு பதில் கிடைத்தது என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும் புதிய பாடம் என்பது புதிய புத்தகம் மாத்திரமன்று. அதனைக் கற்பிப்பவரின் புதிய பழக்கமும் ஆகும். நாம் ஆசிரியருக்கு அளித்த பயிற்சி எத்தகையது? காலை ஒன்பது மணிக்கு மங்கல விளக்கேற்றல். பத்து மணிக்கு வரவேற்புரை. பின்னர் திரையிலே படங்கள். நண்பகலில் உணவுப் பொதி. பிற்பகலில் ஐவருக்கு ஒரு பலகை வீதம் கொடுத்து, பயிற்றுநர் எழுதித் தந்த கட்டளைகளை எழுத்துப் பிசகாமற் பிரதி செய்வித்து, ஒரு சிறு விளக்கை மின்னி மின்னி அணையச் செய்தல். நாலு மணிக்குச் சான்றிதழும் புகைப்படமும். மறுநாள் அவ்வாசிரியர் நாற்பத்தைந்து மாணவர் நிறைந்த தம் வகுப்பறைக்குத் திரும்புகின்றார். மின்னி அணையும் விளக்கு அவருடைய பாடத்தின் எந்த அலகோடு சேருவது என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை. பெட்டி அலுமாரிக்குள் போகாமல் வேறெங்கே போகும்?

வேறு வழி இல்லாமலில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன், 2000களின் முற்பகுதியில், நியூயோர்க் நகரின் புரூக்ளின் பகுதியிலிருந்த பொலிடெக்னிக் பல்கலைக்கழகம் அந்நகரத்து உயர்நிலைப் பாடசாலை ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சியை நடத்தியது. அமெரிக்கத் தேசிய விஞ்ஞான நிறுவகம் அதற்கு நிதி வழங்கிற்று. அதன் சிறப்பு பணத்தில் இல்லை. கோடை விடுமுறையிலே ஆசிரியர்கள் வாரக்கணக்கிற் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் இருந்தனர். முதலில் உணரிகளையும் மோட்டார்களையும் சிறு நுண்கட்டுப்படுத்தியோடு இணைக்கப் பழகினர். அதன்பின் தாமே ஒரு கருவியை வடிவமைத்து ஆக்கி, அதனைத் தம் வகுப்பறைப் பாடத்தோடு பொருத்தினர். பிறர் தயாரித்த பாடத்தை ஒப்புவிக்கும் கிளிப்பிள்ளையாக அன்றி, ஆராய்பவராகவே ஆசிரியர் அங்கு மதிக்கப்பட்டார். அந்தப் பணவசதி நமக்கில்லை. ஆனால் அந்த மதிப்பை அளிப்பதற்கு அந்நியச் செலாவணி தேவையில்லை.

அந்த முறையைச் சிறிதளவேனும் பின்பற்ற முயன்ற சில செயலமர்வுகளில் நான் கண்டவற்றைக் கூறுகின்றேன்.

ஒலியைக் கொண்டு தூரத்தை அளக்கும் உணரி ஒன்று மலிவாகக் கிடைக்கின்றது. மனிதச் செவிக்கு எட்டாத, செக்கனுக்கு 40,000 அதிர்வுகள் கொண்ட ஒலியை அது அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைத் தருகின்றது. மட்டக்களப்பிலே ஒரு சித்திரை மாதம், தகரக் கூரையின் கீழே இதனைச் செய்துபார்த்தோம். அளவுநாடாவால் 200 சென்ரிமீற்றர் அளந்து ஒரு பலகையை நிறுத்தினோம். கருவி 194 என்று காட்டிற்று. “சாமான் பழுது” என்றார் ஓர் ஆசிரியர். வேறொரு கருவியை மாட்டினோம். அதுவும் 194. மண்டபத்தில் மௌனம் நிலவியது. பின்வரிசையிலிருந்த ஓர் ஆசிரியை எழுந்து, “இதற்குள்ளே ஒலியின் கதி எவ்வளவு என்று எழுதியிருக்கிறோம்?” என்று கேட்டார். பிரதி செய்து வந்த கட்டளைகளைப் பார்த்தோம். செக்கனுக்கு 340 மீற்றர் என்றிருந்தது. மண்டபத்தின் வெப்பநிலையோ 33 பாகை. பாகை செல்சியசுக்குச் செக்கனுக்கு ஏறத்தாழ 0.6 மீற்றர் வீதம் ஒலியின் கதி கூடும் என்பது நாம் ஆண்டுதோறும் கற்பிக்கும் பாடமே. பூச்சியப் பாகையிலே 331. ஆகவே 33 பாகையிலே ஏறத்தாழ 351. கணக்கைத் திருத்தியதும் கருவி 200ஐக் காட்டிற்று.

அதே கட்டளையோடு அதே கருவியைச் சில மாதங்களின்பின் ஹட்டனுக்குக் கொண்டுசென்றோம். அங்கே 18 பாகைக் குளிரில் அது 199 என்று காட்டிற்று. மட்டக்களப்பிலும் ஹட்டனிலும் வளி வேறுபட்டது என்பதை அந்தச் சிறு பொருள் ஐந்து சென்ரிமீற்றரிலே சொல்லிவிட்டது. கரும்பலகையிற் சூத்திரமாக எழுதப்பட்டு, பரீட்சை வினாத்தாளில் இலக்கமாக நிரப்பப்பட்டு, பின் மறக்கப்படும் ஓர் உண்மை அன்று அந்த ஆசிரியர்களின் கண்முன்னே உயிர்பெற்றது. பொறி வகுப்பறைக்கு வருவது பௌதிகவியலை நீக்குவதற்கன்று. பௌதிகவியல் மெய்யென்று காட்டுவதற்கே. இதனை உணராத பயிற்சி, ஆசிரியரை விற்பனைப் பிரதிநிதியாக மாற்றுமேயன்றி வேறொன்றும் செய்யாது.

இன்னோர் உதாரணம். பாகைக்குப் பத்து மில்லிவோல்ற்று வீதம் அழுத்தத்தை வெளியிடும் வெப்ப உணரி ஒன்றுண்டு. சாதாரண ஆடினோப் பலகை ஐந்து வோல்ற்றை 1024 படிகளாகப் பிரித்தே பார்க்கின்றது. ஒரு படி ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ற்று. ஆகவே அரைப் பாகைக்குக் குறைந்த மாற்றத்தை அதனால் அறியவே இயலாது. எனினும் கணினித் திரையிலே 24.41 என்று இரண்டு தசமதானங்கள் கம்பீரமாகத் தோன்றுகின்றன. திரையிற் தோன்றும் இலக்கங்களை வேதவாக்காகக் கொள்ளும் காலம் இது. அந்த இரண்டாம் தசமதானத்துக்கு அர்த்தமில்லை என்பதைத் தாமே கணக்கிட்டுக் கண்ட ஆசிரியரே, “இந்த எண் எங்கிருந்து வந்தது?” என்று கேட்கும் பழக்கத்தை மாணவரிடம் வளர்க்க வல்லவர். வகுப்பறைக்கு வெளியேயும் பயன்படும் பழக்கம் அது.

எவ்வளவு தூரம் பயன்படும் என்பதை நான் மலையகத்திலே கண்டேன். எமது செயலமர்வுக்கு வந்த ஆசிரியை ஒருவர் தோட்டப் புறத்துப் பாடசாலை ஒன்றிற் பௌதிகவியல் கற்பித்தார். அவரும் தோட்ட லயத்திற் பிறந்து வளர்ந்தவரே. அவர் தெரிந்தெடுத்த அலகு வீற்ஸ்ரன் பாலம். ஆண்டுதோறும் மாணவர் மனனம் செய்யும் நான்கு தடைகளின் சுற்று அது. நிறுக்கும் உணரியினுள்ளே இருப்பதும் அதுவே. உலோகத் துண்டு சுமையால் மிகச் சிறிது வளைய, அதில் ஒட்டப்பட்ட மென்படலங்களின் தடை மிகச் சிறிது மாற, பாலத்தின் சமநிலை குலைகின்றது. வெளிவரும் அழுத்தம் சில மில்லிவோல்ற்றே. பலகையின் ஒரு படியே ஏறத்தாழ ஐந்து மில்லிவோல்ற்று என்பதால், அந்தச் சமிக்ஞையைப் பெருக்கி நுணுக்கமாக அளக்கும் சிறு துணைச் சில்லு ஒன்று தேவைப்படுகின்றது. அதனையும் இணைத்து, கறுவாத் தடியும் கம்பியும் கொண்டு ஒரு தராசை மாணவர் அமைத்தனர்.

பாடசாலையிலே படிக்கல் இல்லை. ஆகவே அரை லீற்றர் போத்தல்களில் தண்ணீர் நிரப்பினர். ஒரு லீற்றர் தண்ணீரின் திணிவு ஒரு கிலோகிராம் அல்லவா? ஒவ்வொரு போத்தலாகத் தொங்கவிட்டு, கருவி தந்த எண்ணை வரைபுத்தாளிற் குறித்தனர். புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் அமைந்தன. ஆனால் கோடு உற்பத்திப் புள்ளியினூடாகச் செல்லவில்லை. சுமையே இல்லாதபோதும் கருவி ஓர் எண்ணைக் காட்டிற்று. தடியினதும் கொளுக்கியினதும் நிறை அது. நேர்கோட்டுச் சமன்பாட்டிலே வருகின்ற வெட்டுத்துண்டு இதுதான் என்று ஆசிரியை விளக்கினார்.

நான் அப்பாடசாலைக்குச் சென்ற நாளில் இந்த வரைபைச் சுற்றியே பாடம் நடந்துகொண்டிருந்தது. மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: “எங்கம்மா கொழுந்து நிறுக்கிற தராசு சரிதானான்னு இப்படிப் பார்க்கலாமா, டீச்சர்?”

ஆசிரியை உடனே பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தின் பொருள் எனக்கு விளங்கிற்று. பாடசாலைக் கூரைக்குத் தகரம் வேண்டுமாயினும், குழாய்க்குத் தண்ணீர் வேண்டுமாயினும் தோட்ட நிர்வாகத்தின் தயவு வேண்டும். அத்தோட்டத்திலே ஒவ்வொரு நிறுவையிலும் சாக்குக்கும் ஈரத்துக்குமென இரண்டு கிலோ கழிப்பது வழக்கம். மழை பெய்யினும் வெயில் எறிப்பினும் இரண்டு கிலோ. பெண்கள் அதனைத் தலைவிதியாக ஏற்றிருந்தனர். சற்றுப் பொறுத்து ஆசிரியை, “முதலில் நாம் சாக்கை நிறுத்துப் பார்ப்போம்” என்றார்.

மறுநாள் ஒரு கொழுந்துச் சாக்கு வகுப்பறைக்கு வந்தது. உலர்ந்த சாக்கு அரைக் கிலோவுக்கும் குறைவு. நனைத்து உதறியபோது நிறை கூடிற்று. ஆயினும் இரண்டு கிலோவை எட்டவில்லை. நனைந்த கொழுந்து நீரைத் தாங்கும் என்பதையும் மாணவர் நிறுத்தே கண்டனர். ஈரத்துக்குக் கழிவு என்பது முற்றிலும் பொய்யன்று. அவர்கள் கண்ட முடிவு அதனினும் நுட்பமானது. சாக்கின் நிறை மாறிலி. நீரின் நிறை மாறி. மாறியாக இருக்கவேண்டியதை மாறிலியாகக் கழித்தால், காய்ந்த நாளிலே கழிக்கப்படுவது நீர் அன்று, உழைப்பு.

பின்னர் ஒரு நாள் பெண்கள் சிலர் பத்து லீற்றர் கலன் ஒன்றில் நீர் நிரப்பி நிறுவைக் கொட்டிலுக்குக் கொண்டுசென்றனர் என்று கேள்விப்பட்டேன். முதலில் வெற்றுக் கலனையும் பின்னர் நீரோடு கூடிய கலனையும் கொளுவிப் பார்த்தார்களாம். தோட்டத்துத் தராசு சரியாகவே நிறுத்தது. தராசு பொய் சொல்லவில்லை. முள் காட்டியதற்கும் ஏட்டில் எழுதியதற்கும் இடையிலேதான் இரண்டு கிலோ காணாமற் போயிருந்தது. அன்றே கழிவு நின்றுவிடவில்லை. வெயில் நாளிற் கழிவு ஏன் என்ற கேள்வி மாத்திரம் லயங்களிலே பேசப்பட்டு, தொழிற்சங்கக் கூட்டத்துக்கும் சென்றது. விஞ்ஞானம் சங்கத்தின் வேலையைச் செய்யாது. ஆனால் சங்கம் கேட்கவேண்டிய கேள்வியைத் துல்லியமாக்க அதனால் முடியும்.

இத்தகைய ஆசிரியை ஏன் ஒருவராக மாத்திரம் இருக்கின்றார்? மற்றையோர் சோம்பேறிகள் அல்லர். பொருட்பதிவேடு என்று ஒன்றுண்டு. அதில் ஏறிய பொருள் பழுதானால் விளக்கம் எழுதவேண்டும். சில வேளை பணமும் கட்டவேண்டும். நேர்முனையையும் எதிர்முனையையும் மாற்றிப் பொருத்தினால் ஓர் உணரி கணத்திற் கருகிவிடும். கருகாமற் கற்றவர் உலகில் எவருமிலர். கருகினால் தண்டம் என்று சொல்லும் நிர்வாகம், கல்லாதே என்று சொல்லுகின்றது. செயலமர்வுகளிலே நான் முதலிற் செய்வித்தது, மலிவான ஒரு சில்லை வேண்டுமென்றே கருகவிடுவதாகும். அந்தப் புகையின் மணத்தோடு ஆசிரியர்களின் அச்சத்திற் பாதி அகன்றுவிடும். மீதிப் பாதியை அகற்றவேண்டியவர்கள் சுற்றறிக்கை எழுதும் அதிகாரிகளே.

முற்போக்கு நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: குடிநீர் இல்லாத பாடசாலைக்கு நுண்கட்டுப்படுத்தி எதற்கு? நியாயமான கேள்வி. 2021இலே சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி ஆசிரியர்கள் ஏறத்தாழ நூறு நாள் இணையவழிக் கற்பித்தலினின்று விலகி நின்றனர். 2022 பங்குனியிலே அச்சடிக்கக் கடதாசி இன்றி மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. அம்மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரத்தை எட்டியது. இந்நாட்டிலே இருந்துகொண்டு பொறிகளைப் பற்றிக் கனவு காண்பது அபத்தமாகத் தோன்றலாம். ஆனால் குடிநீரும் விஞ்ஞானமும் ஒன்றுக்கொன்று எதிரிகள் என்று வகுத்தவர் யார்? நகரத்துப் பெரிய பாடசாலைகள் இரண்டையும் பெறுகின்றன. ஏழைப் பிள்ளைக்கு மாத்திரம், ஒன்றைப் பெறும்வரை மற்றொன்றைக் கேளாதே என்கிறோம். 1945இலே கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தபோதும், முதலில் வயிற்றுக்குச் சோறு, பிறகு பள்ளி என்றவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களைக் கேட்டிருந்தால் நம்மிற் பலர் எழுதப் படிக்க அறிந்திரோம்.

செலவும் நாம் அஞ்சும் அளவுக்கு இல்லை. 2005இலே இத்தாலியின் இவ்ரேயா நகரில் மாணவருக்காகத் தோன்றிய ஆடினோப் பலகையின் வரைபடம் யாவர்க்கும் பொதுவுடைமையாகத் திறந்து வைக்கப்பட்டுள்ளது. எவரும் அதனைப் பார்த்துச் செய்யலாம், விற்கலாம், திருத்தலாம். பழைய அச்சுப் பொறியிலே மோட்டார் உண்டு. கைவிடப்பட்ட கைப்பேசியிலே மின்கலம் உண்டு. குறைவது பொருளன்று, ஆசிரியருக்குரிய காலமும் துணையுமே.

மொழியையும் மறத்தலாகாது. கட்டளைகள் ஆங்கிலச் சொற்களில் இருப்பதனால் இத்துறையே ஆங்கிலத்துக்கு உரியது என்ற மயக்கம் தமிழ்வழி ஆசிரியரிடையே உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மானிப்பாயில் வைத்தியர் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தையே தமிழிற் கற்பித்தார். 1950களிலே அரசகரும மொழித் திணைக்களத்தார் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டனர். இலத்திரனும் ஆர்முடுகலும் நம் நாவிற் பழகியது இத்தகைய உழைப்பினாலேயே. கட்டளைச் சொற்கள் பத்திருபதுக்கு மேல் தேவையில்லை. கட்டளையின் அருகே, இவ்வரி செய்வது யாது எனத் தமிழிலே ஒரு குறிப்பு எழுதுவிக்கும்போது, எந்த ஆசிரியருக்கு விளங்கியது, எவர் பிரதி செய்தார் என்பது உடனே வெளிப்படும். தன் மொழியில் விளக்க முடியாததை ஒருவர் இன்னும் அறிந்துகொள்ளவில்லை.

எனவே நாம் கேட்கவேண்டியவை பெரியன அல்ல. ஒருநாள் விழாவுக்குப் பதிலாக விடுமுறையில் இரு வாரம், அதற்குரிய படியோடு. ஒவ்வோர் ஆசிரியரும் தம் பாடத்திட்டத்தின் ஓர் அலகைத் தெரிந்து, அதற்குத் தாமே ஒரு கருவி ஆக்குதல். ஒரு பாடசாலையினின்று ஒருவரையன்றி இருவரை அழைத்தல், தனித்தவர் சோர்ந்துபோவர். தவணை முடிவிலே பயிற்றுநர் பாடசாலைக்கே சென்று பார்த்தல். கருகிய சில்லுக்கு மாற்றாக, விளக்கம் கேளாமல் இன்னொன்றைத் தரும் ஒரு சிறு களஞ்சியம் வலயக் கல்விப் பணிமனையில் இருத்தல். இவற்றுக்கு வேண்டிய பணம், மூடியிலே பெயர் பொறித்து வழங்கப்படும் பெட்டிகளுக்குச் செலவாகும் பணத்திலும் அதிகமாகாது.

இவற்றை ஆசிரிய சங்கங்கள் சம்பளக் கோரிக்கையோடு சேர்த்தே முன்வைத்தல் வேண்டும். சம்பளம் ஆசிரியரின் உரிமை. தாம் கற்பிப்பதைத் தம் கையாற் செய்து அறிவதும் அவருடைய உரிமையே. அந்த உரிமை கிடைக்கும் நாளிலே, கொழுந்து மலையிலும் கடற்கரையிலும் வயல்வெளியிலும் இருந்து வரும் பிள்ளைகள் தம் பெற்றோரின் உழைப்பை அளக்கின்ற கருவிகளை அஞ்சாமல் ஆராயப் பழகுவர்.